வலிப்பையும் நடுக்கத்தையும் மருத்துவருக்காகக் கைப்பேசியில் பதிவு செய்யும் முறை

வலிப்பு நோயாளி ஒருவர் நரம்பியல் மருத்துவரின் முன் வந்து அமரும் வேளையில் பெரும்பாலும் நலமாகவே இருப்பார். வலிப்பு வந்து போய்ச் சில நாட்களாவது ஆகியிருக்கும். வலிப்பு இல்லாத வேளையில் எடுக்கப்படும் முதல் இ.இ.ஜி. (மூளையின் மின்செயல்பாட்டைப் பதியும் பரிசோதனை) ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இயல்பாகவே வந்துவிடும் என்பதால், அதை மட்டும் வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. மிஞ்சுவது உடனிருந்தவர்களின் வாய்மொழிதான். "கை கால் வெட்டி வெட்டி இழுத்தது, கண் சொருகியது, வாயில் நுரை தள்ளியது" என்பதற்கு மேல் அவர்களாலும் அதிகம் சொல்ல இயலாது. பதறிப்போனவருக்கு 40 விநாடி 10 நிமிடமாகத் தெரியும், எந்தக் கை முதலில் விறைத்தது என்பது நினைவில் நிற்காது.

தவறான நோயறிதலுக்கு நோயாளி கொடுக்கும் விலை சிறியதன்று. வலிப்பு போலவே தோன்றினாலும் மூளையின் மின்கோளாறால் ஏற்படாத செயல்சார் வலிப்புகள் உண்டு. அவை நடிப்பல்ல, உண்மையான நோயே, ஆனால் மருத்துவம் வேறு. ஜெர்மனியில் நடந்து 2002-இல் வெளியான ஓர் ஆய்வில், இத்தகைய நோயாளிகளுக்குச் சரியான நோயறிதல் கிடைக்கச் சராசரியாக 7 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது தெரியவந்தது. 2020-இல் அமெரிக்காவிலிருந்து வெளியான பல மைய ஆய்வொன்று, நோய் வரலாற்றோடும் உடற்பரிசோதனையோடும் வீட்டில் எடுத்த கைப்பேசிக் காணொளியையும் சேர்த்துப் பார்க்கும்போது சரியான முடிவுக்கு வரும் வாய்ப்பு தெளிவாகக் கூடுகிறது என்று காட்டியது.

ஆனால் எல்லாக் காணொளிகளும் உதவுவதில்லை. மருத்துவர்களிடம் வந்து சேரும் பதிவுகளில் பல ஒரே மாதிரியான குறையுடையவை. உதறல் உச்சத்தில் இருக்கும்போது தொடங்குகின்றன. முகத்தையோ ஒரு கையையோ மட்டும் மிக அருகிலிருந்து காட்டுகின்றன. பாதி நேரம் யாரோ ஒருவரின் முதுகு மறைக்கிறது. உதறல் நின்ற கணமே பதிவும் நின்றுவிடுகிறது. பார்ப்பவரை அச்சுறுத்தும் அந்த உதறல்தான் உண்மையில் மிகக் குறைவாகத் தகவல் தருவது, ஏனெனில் உச்சத்தில் பல வகை வலிப்புகளும் ஒன்றுபோலவே தோன்றும். மருத்துவர் தேடுவது தொடக்கத்தையும், கண்களையும், வலிப்பு ஓய்ந்த பின்னான சில நிமிடங்களையும்.

முதலில் நோயாளி, பிறகே கேமரா

வலிப்பு வந்தவரைப் பாதுகாப்பாகக் கிடத்துவது முதல் வேலை. தலைக்கு அடியில் மடித்த துணியை வையுங்கள், அருகிலுள்ள அடுப்பு, கூர்மையான பொருள், மேசை விளிம்பு ஆகியவற்றை அகற்றுங்கள், கழுத்துப் பொத்தானைத் தளர்த்துங்கள், உதறல் தணிந்ததும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையையும் காலையும் அழுத்திப் பிடிக்கக் கூடாது; வாயில் கரண்டி, துணி, விரல் எதையும் திணிக்கக் கூடாது; தண்ணீர் புகட்டக் கூடாது. சாவிக்கொத்தையோ இரும்பையோ கையில் திணிக்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் மறையவில்லை. அதனால் எந்த வலிப்பும் நின்றதில்லை. வலிப்புகளில் பெரும்பாலானவை 3 நிமிடங்களுக்குள் தாமாகவே நின்றுவிடுவதால் இரும்புக்குப் புகழ் கிடைத்துவிட்டது, அவ்வளவே.

கை கால் உதறும் வலிப்பு 5 நிமிடத்தைத் தாண்டினாலும், நினைவு திரும்புமுன் அடுத்தது தொடங்கினாலும், மூச்சுத் திணறல் இருந்தாலும், தலையில் அடிபட்டாலும், வாழ்வில் முதன்முறையாக வலிப்பு வந்தாலும், நோயாளி கருவுற்றிருந்தாலும், அப்போது தேவை ஆம்புலன்ஸ். தமிழ்நாட்டில் 108-ஐயும் இலங்கையில் 1990-ஐயும் அழைக்க வேண்டும். வலிப்பை நிறுத்த மூக்கில் அடிக்கும் மிடசோலம் போன்ற மருந்து முன்பே எழுதித் தரப்பட்டிருந்தால், அதைக் கொடுப்பவர் வேறு, படம் எடுப்பவர் வேறு என்று வீட்டில் முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்வது நல்லது. வீட்டில் ஒருவரே இருக்கும்போது, கைப்பேசியில் பதிவை இயக்கி ஏதேனும் ஒரு பாத்திரத்தில் சாய்த்துவைத்துவிட்டு நோயாளியிடம் போய்விடலாம். கோணம் சற்றுக் கோணலாக இருந்தாலும் குற்றமில்லை.

வலிப்பைப் பதிவு செய்தல்

அறிகுறி தெரிந்த உடனே பதிவைத் தொடங்குங்கள். தொடங்கிய பிறகு விளக்கைப் போடுங்கள், போர்வையை விலக்குங்கள். இந்த வரிசை முக்கியம். இரவில் வரும் வலிப்புகளில் போர்வைக்குள் நடப்பது எதுவும் தெரியாமல் போவதுதான் அடிக்கடி நேரும் இழப்பு. கைப்பேசியைக் குறுக்காகப் பிடித்து, தலை முதல் பாதம் வரை முழு உடலும் படத்துக்குள் வரும் தொலைவில் நில்லுங்கள். சில விநாடிகள் மட்டும் முகத்தை நெருங்கிக் காட்டி, கண் திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா, விழி எந்தப் பக்கம் இழுக்கிறது, தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பது பதிவானதும் மீண்டும் பின்வாங்கிவிடுங்கள். மூளையின் மின்கோளாறால் வரும் வலிப்பில் கண்கள் பெரும்பாலும் திறந்தே இருக்கும். செயல்சார் வலிப்பில் பெரும்பாலும் இறுக மூடியிருக்கும். இந்த ஒரு குறிப்பால் மட்டும் முடிவெடுப்பதில்லை என்றாலும், மருத்துவர் முதலில் பார்ப்பது இதைத்தான். மூடிய இமையை நீங்களாக விரலால் பிரிக்க வேண்டியதில்லை.

படமெடுத்தபடியே பேசுங்கள். பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள், "கையைத் தூக்கு" என்று சொல்லிப் பாருங்கள், ஒரு சொல்லைக் கொடுத்து நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மாம்பழம் என்றால்கூடப் போதும். தெளிந்த பின் அந்தச் சொல்லைக் கேட்டால், இடையில் நினைவு இருந்ததா இல்லையா என்பது தெரிந்துவிடும். நீங்கள் காண்பதையும் உரக்கச் சொல்லுங்கள்: "வலது கை விறைக்கிறது", "உதடு நீலம் பூக்கிறது". இருட்டில் நிறம் சரியாகப் பதிவாகாது என்பதால் மட்டுமன்று, செல்ஃபி கேமராவில் எடுக்கும்போது சில கைப்பேசிகள் இடத்தை வலமாக மாற்றியே சேமிக்கின்றன என்பதாலும் இது தேவை. இடம், வலம் மாறினால் மூளையின் எந்தப் பாதி என்ற கணிப்பே தலைகீழாகிவிடும். எனவே பின்புறக் கேமராவையே பயன்படுத்துங்கள்.

நல்ல பதிவொன்று எவ்வளவு சொல்லக்கூடும் என்பதற்கு இப்படி ஒரு காட்சியை எண்ணிக்கொள்ளலாம். தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்த பெண் ஒருவர் பேச்சை நிறுத்திவிட்டுப் பேந்தப் பேந்த விழிக்கிறார். வாய் எதையோ மெல்லுவதுபோல் அசைகிறது. வலது கை புடவைத் தலைப்பை நெருடிக்கொண்டே இருக்கிறது. இடது கை மெல்ல முறுக்கிக்கொண்டு மடியில் அசையாமல் கிடக்கிறது. "அக்கா, இங்க பாருங்க, நான் யாரு?" என்று தம்பி கேட்கிறார், பதில் இல்லை. ஒன்றரை நிமிடத்தில் அசைவுகள் ஓய்கின்றன. அவர் வலது கையால் மூக்கைத் துடைக்கிறார், சுற்றிலும் பார்க்கிறார், சிறிது நேரத்தில் தெளிவாகப் பேசுகிறார், ஆனால் தம்பி கேட்டது எதுவும் அவருக்கு நினைவில்லை. முறுக்கிய கை இடது. மூக்கைத் துடைத்த கை வலது. பேச்சு விரைவில் திரும்பியது. மூன்றும் சேர்ந்து, மூளையின் வலது பொட்டு மடலிலிருந்து (நெற்றிப்பொட்டை ஒட்டிய பகுதி) இது கிளம்பியிருக்கலாம் என்று நரம்பியலாளரைச் சிந்திக்க வைக்கும். முகத்தை மட்டும் எடுத்திருந்தால் இடது கை போயிருக்கும். அசைவு நின்றதும் பதிவை நிறுத்தியிருந்தால் மற்ற இரண்டும் போயிருக்கும்.

ஆகவே வலிப்பு ஓய்ந்த பிறகும் குறைந்தது 5 நிமிடம் பதிவு தொடரட்டும். அந்நேரத்தில் பெயர், இடம், காட்டும் பொருளின் பெயர் ஆகியவற்றைக் கேளுங்கள். இரு கைகளையும் நீட்டச் சொல்லி, ஒன்று தாழ்கிறதா என்று பாருங்கள். வலிப்புக்குப் பின் ஒரு பக்கம் தற்காலிகமாகச் செயலிழந்தால் அதுவும் ஒரு தடயமே. நாக்கின் பக்கவாட்டில் கடித்த காயம் இருந்தால் தனியாக ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம்.

குழப்பம் தரும் நிகழ்வுகள்

மயங்கி விழுபவர்களும் உதறுவார்கள் என்பது பலருக்குத் தெரியாது. ஜெர்மனியில் லெம்பெர்ட் என்ற நரம்பியலாளரின் குழு, நலமான தன்னார்வலர்களைத் திட்டமிட்டு மயங்கச் செய்து அதைக் காணொளியாகப் பதிந்து 1994-இல் வெளியிட்டது. முழுமையாக நினைவிழந்த 42 நிகழ்வுகளில் 90 விழுக்காட்டில் உடல் வெட்டி இழுத்தது, கண்களும் திறந்தே இருந்தன. மயக்கத்தின் சராசரி நீளம் ஏறத்தாழ 12 விநாடிகள். எனவே வெயிலில் நின்று, அல்லது ஊசி போடும்போது விழுந்து உதறியவருக்கு வலிப்பு நோய் என்று முத்திரை குத்தும் முன், முகம் வெளிறியதா, எத்தனை விநாடியில் தெளிந்தார் என்பது காணொளியில் தெரிய வேண்டும்.

உறக்கத்தில் வரும் நிகழ்வுகளுக்குக் கைப்பேசியைத் தேடி எடுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். மூளையின் முன்பகுதியான முன்மடலில் தொடங்கும் வலிப்புகள் ஒரு நிமிடத்துக்கும் குறைவாக, ஒரே இரவில் பல முறை, காலை உதைத்தும் எழுந்து புரண்டும் வரக்கூடியவை. இருட்டிலும் பதியும் வைஃபை கேமரா ஒன்றைக் கட்டிலை நோக்கிப் பொருத்தி இரவு முழுவதும் ஓடவிடுவதே இதற்கு வழி. பழைய பதிவின் மேல் புதியது எழுதப்படும் வகைக் கேமராவானால், காலையிலேயே அந்தப் பகுதியைத் தனியே சேமித்துவிட வேண்டும். நேரமும் முக்கியமானது: குழந்தைகளின் இரவுப் பதற்றம் உறங்கிய முதல் சில மணி நேரத்தில் வருவது, கனவுக்கேற்பக் கை வீசி அலறும் முதியோரின் உறக்கக் கோளாறு விடியலை ஒட்டிய பாதியில் வருவது. பின்னது சில நேரங்களில் பார்க்கின்சன் நோய்க்கு ஆண்டுகள் முன்பே தலைகாட்டுவதால், பிதற்றல் என்று தள்ளிவிடத் தக்கதன்று.

எல்லாவற்றிலும் அவசரமானது கைக்குழந்தைகளுக்கு வரும் இழுப்பு. தூங்கி எழுந்ததும் குழந்தை தலையைக் குனிந்து, கைகளை விரித்து, உடலை ஒருமுறை சுருக்கும், ஓரிரு விநாடிதான். சில விநாடிகள் கழித்து மீண்டும் அதே அசைவு, இப்படித் தொடர்ச்சியாகப் பல முறை. வயிற்று வலி, திடுக்கிடுதல், உரம் விழுந்தது என்று வீட்டார் சமாதானம் செய்துகொள்வதற்கு இது மிகவும் வசதியான தோற்றம் கொண்டது. 1841-இல் ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட் 'லான்செட்' இதழுக்கு எழுதிய கடிதத்தில் முதன்முதலாக இதை விவரித்தார்; அவர் விவரித்த நோயாளி அவருடைய சொந்த மகன். மருத்துவம் தாமதமாகும் ஒவ்வொரு வாரமும் குழந்தையின் அறிவு வளர்ச்சியைப் பாதிக்கக்கூடும். ஒற்றை அசைவை மட்டும் எடுக்காமல் தொடர் முழுவதையும் பதிவு செய்து, அடுத்த மாதத்து முன்பதிவுக்குக் காத்திராமல் அன்றோ மறுநாளோ குழந்தை நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நடுக்கம், நடை, முறுக்கம்

அசைவுக் கோளாறுகளுக்கான பதிவு வேறு இயல்புடையது. இங்கே அவசரமில்லை, திட்டமிட்டு எடுக்கலாம், எடுக்கவும் வேண்டும். 1898-இலேயே புகாரெஸ்ட் நகரில் மரினெஸ்கு என்ற நரம்பியலாளர் நோயாளிகளின் நடையைப் படச்சுருளில் பதிந்து ஆராயத் தொடங்கினார். அன்றும் இன்றும் தேவை ஒன்றே: ஒவ்வொரு முறையும் அதே இடம், அதே தொலைவு, அதே செயல். அப்போதுதான் மாத்திரைக்கு முன்னும் பின்னும், இந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் ஒப்பிட முடியும்.

கைப்பேசியைக் கையில் பிடிக்காமல் நிலையாக வையுங்கள். நடுக்கத்தைப் பதிவு செய்யும் கை தானும் நடுங்கினால் பயனில்லை. வெளிச்சம் நன்றாக இருக்கட்டும், ஏனெனில் மங்கலான ஒளியில் பல கைப்பேசிகள் ஒரு விநாடிக்கான படங்களின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்கின்றன. நடுக்கத்துக்கு விநாடிக்கு 30 படங்கள் போதும். திடீர் வெட்டலுக்கு 60 நல்லது. மெதுவோட்டக் காணொளியை மட்டும் எடுக்காதீர்கள். அதில் உண்மையான வேகம் தெரியாது.

நோயாளியை நாற்காலியில் அமரச் செய்து, கைகளை மடியில் தளர்வாக வைக்கச் சொல்லி, 100-இலிருந்து ஏழு ஏழாகக் குறைத்துச் சொல்லச் சொல்லுங்கள். மனம் கணக்கில் இருக்கும்போது பார்க்கின்சன் நோயின் ஓய்வு நடுக்கம் வெளிப்படும். பின்னர் இரு கைகளையும் முன்னே நீட்டி, 20 விநாடியாவது அப்படியே வைத்திருக்கட்டும். பார்க்கின்சன் நடுக்கம் சில விநாடிகள் அடங்கியிருந்து பின் மீண்டும் தொடங்குவதுண்டு, பரம்பரையாகவும் வரும் சாதாரணக் கைநடுக்கமோ நீட்டிய உடனேயே தெரியும். அடுத்து ஒரு டம்ளரிலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீரை ஊற்றுவது, அண்ணாந்து குடிப்பது, தாளில் ஒரு வரி எழுதுவது, சுருள் வரைவது.

விரல் தட்டல் பரிசோதனைக்குக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் இயன்றவரை அகலமாகவும் வேகமாகவும் 10 முறை தட்டச் சொல்ல வேண்டும், ஒவ்வொரு கையாகத் தனித்தனியே. ஒருமுறை செய்து காட்டிவிட்டு நீங்கள் நிறுத்திவிடுங்கள். கூடவே நீங்களும் தட்டிக்கொண்டிருந்தால் அவர் உங்கள் தாளத்தைப் பிடித்துக்கொள்வார். முதல் மூன்று தட்டல்கள் அகலமாக இருந்து, ஆறாவது ஏழாவதில் இடைவெளி சுருங்கி, ஓரிடத்தில் விரல் தயங்கி நின்று மீண்டும் நகருமானால், அந்தச் சுருக்கமே மருத்துவர் தேடுவது. வேகம் குறைவது முதுமையிலும் உண்டு. சுருங்கிக்கொண்டே போவது அப்படியன்று.

நடையைப் பதிவு செய்யும்போது பாதம் தெரிய வேண்டும். வேட்டியை மடித்துக் கட்டச் சொல்லுங்கள். புடவையைக் கணுக்காலுக்கு மேல் உயர்த்திச் செருகிக்கொள்ளலாம். இங்கே மட்டும் கைப்பேசியை நெடுக்காகப் பிடிப்பது பொருந்தும். கைகளை மார்பில் கட்டியபடி நாற்காலியிலிருந்து எழுவதில் தொடங்கி, 10 மீட்டராவது நடந்து, திரும்பி வரட்டும். திரும்புவதற்கு எத்தனை அடி எடுத்தார், எந்தக் கை வீசவில்லை, நடக்கும்போது எந்தக் கை நடுங்கியது என்பவை அதில் தெரியும். கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் உறைந்து நிற்கும் கோளாறு மருத்துவமனையின் அகன்ற கூடத்தில் பெரும்பாலும் வெளிப்படாது. வீட்டில் குளியலறை வாசற்படியில், கட்டிலுக்கும் சுவருக்கும் இடைப்பட்ட சந்தில்தான் வெளிப்படும். அங்கே எடுங்கள், ஆனால் கைக்கு எட்டும் தொலைவில் இன்னொருவர் நிற்கட்டும். பின்னாலிருந்து இழுத்துச் சமநிலை பார்க்கும் பரிசோதனையை வீட்டில் செய்யவே கூடாது.

பார்க்கின்சன் நோய்க்கான லெவோடோப்பா மாத்திரை எடுப்பவர்களுக்கு, காலையில் முதல் மாத்திரைக்குச் சற்று முன்பும், எடுத்து ஒரு மணி நேரம் கழித்தும், அதன் பலன் தேயும் வேளையிலும் அதே செயல்களைப் பதிந்தால், வேளையையும் அளவையும் மாற்றியமைக்க அதைவிடச் சிறந்த சான்று இல்லை. பதிவுக்காக மாத்திரையை நிறுத்தவோ தள்ளிப்போடவோ கூடாது.

கழுத்து முறுக்கம் உள்ளவரிடம் கண்ணை மூடி, தலை தானாகப் போகும் பக்கம் போகட்டும் என்று விடச் சொல்லுங்கள். நிமிர்த்த முயலும்போது முறுக்கத்தின் உண்மையான திசை மறைந்துவிடும். மோவாயைத் தொட்டால் சரியாகிறது என்றால் அதையும் செய்து காட்டட்டும். எழுதும்போது மட்டும் கை பிடித்துக்கொள்பவரைத் தோள் முதல் பேனா முனை வரை தெரியுமாறு எழுதவிட்டே எடுக்க வேண்டும். திடீரென எழுந்து ஓடும்போது சில விநாடிகள் கை கால் முறுக்கிக்கொண்டு, நினைவு சிறிதும் தப்பாமல் சரியாகிவிடும் ஒரு கோளாறு இளைஞர்களுக்கு உண்டு. இதை நடிப்பென்று சொல்லி ஒதுக்கிவிடுவார்கள், ஆனால் குறைந்த அளவு கார்பமசெபின் என்ற வலிப்பு மருந்துக்கே அது பெரும்பாலும் கட்டுப்படும். எந்த அசைவு அதைத் தூண்டுகிறது என்பது பதிவில் இருப்பது அவசியம்.

அனுப்புதலும் பாதுகாத்தலும்

நோயாளி தெளிவாக இருக்கும் நாளிலேயே, "அடுத்த முறை வந்தால் டாக்டருக்குக் காட்ட வீடியோ எடுக்கட்டுமா?" என்று கேட்டுச் சம்மதம் பெற்றுக்கொள்ளுங்கள். ஆடை விலகியிருந்தால் முதலில் ஒரு துண்டால் மூடுங்கள். அசைவு தெரிவதற்கு அது தடையாகாது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பகிர்வது, இணையத்தில் ஏற்றி ஊரார் கருத்துக் கேட்பது ஆகியவை எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். புகைப்படங்கள் தாமாகவே இணையத்திலுள்ள மேகக் கணக்கில் (கிளவுட்) ஏறும் அமைப்பு கைப்பேசியில் இருந்தால், அந்தக் கணக்கை வேறு யாரெல்லாம் பார்க்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள்.

மருத்துவர் வாட்ஸ்அப்பில் கேட்டால், சாதாரணக் காணொளியாக அல்லாமல் ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். இல்லையெனில் கோப்பு சுருக்கப்பட்டு, இமைத் துடிப்பு போன்ற நுணுக்கங்கள் மங்கிவிடும். வெட்டி ஒட்டவோ, பாட்டுச் சேர்க்கவோ கூடாது. நாள், மணி, உறங்கி எழுந்த நேரம், கடைசி மாத்திரை எடுத்த நேரம், பதிவு தொடங்கும் முன் கண்டது, இது வழக்கமாக வரும் நிகழ்வா புதிய வகையா என்பவற்றை நான்கைந்து வரிகளில் எழுதி உடன் அனுப்புங்கள். ஒருவருக்கே இரண்டு வகை வலிப்புகள் இருக்கக்கூடும். அப்போது ஒவ்வொரு வகையிலும் ஒரு பதிவு வேண்டும், ஒரே வகையில் பத்து வேண்டாம். காணொளி தெளிவாக இருந்தும் ஐயம் நீடித்தால், மருத்துவமனையில் சேர்த்துக் காணொளியையும் இ.இ.ஜி.யையும் ஒருசேர எடுக்கும் பரிசோதனையை மருத்துவர் பரிந்துரைப்பார். வீட்டுப் பதிவைப் பார்த்துவைத்த குழுவுக்கு, அங்கே பதிவாகும் நிகழ்வு வழக்கமாக வருவதுதானா என்று உடனே ஒப்பிட்டுச் சொல்ல முடியும்.